ஆறாம் படிவத்தில் கணினித் தொழிற்கல்வி: கடை நடத்தும் பெற்றார் அறிய வேண்டியவை



வருடந்தோறும் ஓகஸ்ட் மாதக் கடைசியில் ஜி.சி.எஸ்.ஈ. பெறுபேறுகள் வெளிவந்ததும், எமது களஞ்சியத்துக்குச் சாமான் எடுக்க வரும் கடைக்காரர்களின் பேச்சு மாறிவிடும். அரிசி என்ன விலை, தேங்காய்ப்பால் வந்துவிட்டதா என்று கேட்பதற்கு முன்பே பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்பார்கள். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு கடைக்காரர், சுற்றுமுற்றும் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு எம்மிடம் வந்தார்.

"அண்ணை, மகனுக்குக் கணக்கிலை அஞ்சுதான். ஏ லெவல் கம்பியூட்டர் சயன்ஸ் தரமாட்டினமாம். பி.ரெக் கம்பியூட்டர் செய்யட்டாம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

பிள்ளை பிழை செய்துவிட்டவன்போல் அவர் பேசியது எம்மை வருத்தியது. எமக்குப் பாடசாலைப் படிப்புக்கு மேல் படிப்பில்லை. ஆனபடியால் அன்று அவருக்குச் சரியான மறுமொழி சொல்ல முடியவில்லை. அதன்பின் பாடசாலைகளுக்குப் போய்க் கேட்டோம். பாடத்திட்டங்களைப் பிள்ளைகளை வைத்து வாசிப்பித்தோம். அறிந்ததை எமது தொழிலின் பாஷையிலேயே இங்கே எழுதுகிறோம். கொள்முதலில்தான் இலாபம் என்பது வியாபாரிக்குத் தெரிந்த விஷயம். படிப்பும் அப்படித்தான். எடுக்கும்போது பார்த்து எடுக்க வேண்டும்.

பதினாறு வயதில் உள்ள பாதைகள்

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு உரியது. ஸ்கொட்லாந்தின் முறை வேறு. இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டு தொடக்கம் பிள்ளைகள் பதினெட்டு வயதுவரை ஏதாவதொரு கல்வியில் அல்லது பயிற்சியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். "பதினாறோடு படிப்பை விட்டுக் கடையில் நிற்கட்டும்" என்ற பேச்சுக்கு ஆகவே இடமில்லை.

கணினியில் நாட்டமுள்ள பிள்ளைக்குப் பிரதானமாக நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, ஏ லெவல் கணினி விஞ்ஞானம். இதில் பெரும்பகுதி பரீட்சை. பெரும்பாலான பாடத்திட்டங்களில் இரண்டு பரீட்சைகளுக்கு 80 வீதமும், பிள்ளை தானே எழுதும் நிரலுக்கு 20 வீதமும் கொடுக்கிறார்கள். கணிதத்தில் 6 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று பல பாடசாலைகள் கேட்பது இதற்காகத்தான்.

இரண்டாவது, பி.ரெக் போன்ற தொழில்சார் தகுதிகள். இவற்றில் பரீட்சையும் உண்டு, வருடம் முழுவதும் செய்து கொடுக்கும் ஒப்படைகளும் உண்டு. பி.ரெக் என்ற பெயர் 1980களிலிருந்து வழக்கில் இருக்கிறது. இன்று அதை நடத்துவது பியர்சன் நிறுவனம்.

மூன்றாவது, ரி லெவல். இது 2020ஆம் ஆண்டு செப்டெம்பரில் மூன்று துறைகளில் தொடங்கியது. அந்த மூன்றில் ஒன்று கணினித் துறை. இரண்டு வருடப் படிப்பு முழுவதும் ஒரே துறையில் இருக்கும். ஒரு நிறுவனத்தில் குறைந்தது 315 மணித்தியாலம் வேலை பழக வேண்டும்.

நான்காவது, தொழில் பயிலுநர் வேலை. சம்பளத்துடன் வேலை செய்துகொண்டே படிப்பது.

இந்தப் பட்டியல் மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ரி லெவலோடு போட்டியிடும் பழைய தகுதிகளுக்கான பணத்தை அரசு படிப்படியாக நிறுத்தி வருகிறது. 2025ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளியான வெள்ளை அறிக்கையில் 'வி லெவல்' என்ற புதிய தொழில்சார் தகுதி அறிவிக்கப்பட்டது. ஆகையால் மூத்த மகன் படித்த அதே பாடநெறி இளைய மகளுக்கும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தந்த வருடம் அந்தந்தப் பாடசாலையில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயரைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள்

ஒரே பெயர் கொண்ட மா, ஒரு கிலோப் பையிலும் வருகிறது, பத்துக் கிலோப் பையிலும் வருகிறது. விலை கேட்கும்போது எந்தப் பை என்று கேட்காதவன் வியாபாரி அல்லன். பி.ரெக் என்று மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும் பெற்றார், பையின் அளவைக் கேட்காமல் வந்தவர்கள்.

'எக்ஸ்ரெண்டட் சேர்ட்டிபிக்கற்' என்பது 360 வழிகாட்டல் மணித்தியாலங்கள் கொண்டது. அது ஓர் ஏ லெவலுக்குச் சமன். அதனுடன் வேறு இரண்டு ஏ லெவல் பாடங்களைப் பிள்ளை எடுக்கலாம். 'எக்ஸ்ரெண்டட் டிப்ளோமா' என்பது 1080 மணித்தியாலங்கள். அது மூன்று ஏ லெவலுக்குச் சமன். அதை எடுத்தால் இரண்டு வருடமும் அதுவே முழுநேரப் படிப்பு.

பல்கலைக்கழக அனுமதிக்கு யூகாஸ் அமைப்பு ஒவ்வொரு பெறுபேற்றுக்கும் புள்ளி கொடுக்கிறது. ஏ லெவலில் ஏ ஸ்ரார் 56, ஏ 48, பி 40, சி 32, டி 24, ஈ 16. எக்ஸ்ரெண்டட் சேர்ட்டிபிக்கற்றில் டிஸ்ரிங்ஷன் ஸ்ரார் 56, டிஸ்ரிங்ஷன் 48, மெரிற் 32, பாஸ் 16. எக்ஸ்ரெண்டட் டிப்ளோமாவில் மூன்று டிஸ்ரிங்ஷன் எடுத்தால் 144, மூன்று மெரிற் எடுத்தால் 96, மூன்று பாஸ் எடுத்தால் 48. ரி லெவலில் டிஸ்ரிங்ஷனுக்கு 144, மெரிற்றுக்கு 120.

கூட்டிப் பாருங்கள். மூன்று ஏ லெவலில் மூன்று ஏ எடுத்த பிள்ளைக்கு 48ஐ மூன்றால் பெருக்க 144. டிப்ளோமாவில் மூன்று டிஸ்ரிங்ஷன் எடுத்த பிள்ளைக்கும் 144. ஏ லெவலில் மூன்று டி எடுத்த பிள்ளைக்கு 72. டிப்ளோமாவில் மூன்று மெரிற் எடுத்த பிள்ளைக்கு 96. பொருந்தாத படிப்பில் தட்டுத்தடுமாறுவதைவிடப் பொருந்தும் படிப்பில் திறமையாகச் செய்வது மேல் என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

ஆனால் புள்ளி மட்டும் கதவைத் திறந்துவிடாது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆகிய இடங்களில் கணினி விஞ்ஞானம் படிக்க ஏ லெவல் கணிதம் வேண்டும். எத்தனை புள்ளி இருந்தாலும் அது இல்லாவிட்டால் அங்கே இடமில்லை. அந்த இடங்களை மனதில் வைத்திருக்கும் பிள்ளை, கணிதத்தில் கெட்டியாக இருந்தால், ஏ லெவல் பாதையிலேயே போக வேண்டும். இதை மறைத்துப் பி.ரெக்கைப் புகழ்ந்தால் நாம் சரக்கின் குறையைச் சொல்லாமல் விற்றவர்கள் ஆவோம்.

உள்ளே என்ன இருக்கிறது?

"கம்பியூட்டர்தானே, வீட்டிலேயே விளையாடுகிறான்" என்று சிலர் நினைக்கிறார்கள். 2016இல் வெளிவந்த பி.ரெக் தகவல் தொழில்நுட்பப் பாடத்திட்டத்தை உதாரணமாக எடுப்போம். அதன் முதலாவது அலகு கணினி முறைமைகள் பற்றியது. அதற்கு எழுத்துப் பரீட்சை உண்டு. இரண்டாவது அலகில் ஒரு தரவுத்தளத்தை வடிவமைத்து, செய்து, சோதித்துக் காட்ட வேண்டும். அதையும் வெளியிலிருந்துதான் மதிப்பிடுகிறார்கள். மூன்றாவது அலகு வியாபாரத்தில் சமூக ஊடகத்தைப் பயன்படுத்துவது. வேறு அலகுகளில் விரிதாள் கொண்டு கணக்குப் போட்டு முடிவெடுப்பது, நிரல் எழுதுவது, இணையத்தளம் கட்டுவது ஆகியவை வருகின்றன.

தரவுத்தளம் என்றதும் பயப்பட வேண்டியதில்லை. நாம் கொப்பியில் கணக்கு எழுதிய காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கடன் பட்டியலிலும் வாடிக்கையாளரின் பெயர், விலாசம், ரெலிபோன் எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப எழுதுவோம். அவர் கடை மாறினால் பழைய விலாசம் இருபது பக்கங்களில் கிடக்கும். கெட்டிக்காரக் கணக்கப்பிள்ளை என்ன செய்வார்? மூன்று கொப்பி வைப்பார். ஒன்றில் வாடிக்கையாளர்கள், ஒருவருக்கு ஒரு வரி, ஒரு இலக்கம். இரண்டாவதில் சாமான்கள், ஒன்றுக்கு ஒரு வரி, ஒரு இலக்கம். மூன்றாவதில் விற்பனை: எந்த இலக்க வாடிக்கையாளர், எந்த இலக்கச் சாமானை, எந்தத் திகதியில், எத்தனை எடுத்தார் என்பது மட்டும். விலாசம் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

பிள்ளைகள் இரண்டாவது அலகில் படிப்பது இதைத்தான். ஒரே பெயரில் இரண்டு கடை இருக்கலாம், ஆனால் ஒரே இலக்கத்தில் இரண்டு கடை இருக்கக் கூடாது. இந்த ஒரு விதியை விளங்கிக்கொண்டவருக்குத் தரவுத்தளத்தின் அடிப்படை விளங்கிவிட்டது.

ஒரு சிறு பாடம்: பார்கோட்டின் கடைசி இலக்கம்

தட்டெழுதும் தரவு சரியா என்று கணினி எப்படிப் பார்க்கிறது என்பதும் இந்தப் படிப்பில் வரும். அதற்கு நல்ல உதாரணம் எமது கையில் தினமும் இருக்கிறது. பால்ரின்னின் பின்னால் உள்ள 13 இலக்கங்களில் கடைசி இலக்கம், முன்னால் உள்ள பன்னிரண்டையும் காவல் காக்கும் இலக்கம்.

5012345678900 என்ற இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். இடமிருந்து எண்ணினால் முதலாம், மூன்றாம், ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம், பதினோராம் இடங்களில் உள்ளவை 5, 1, 3, 5, 7, 9. கூட்டினால் 30. இரண்டாம், நான்காம், ஆறாம், எட்டாம், பத்தாம், பன்னிரண்டாம் இடங்களில் உள்ளவை 0, 2, 4, 6, 8, 0. கூட்டினால் 20. அதை மூன்றால் பெருக்கினால் 60. இரண்டையும் சேர்த்தால் 90. அடுத்த முழுப் பத்துக்குப் போக இன்னும் எவ்வளவு வேண்டும்? ஒன்றும் வேண்டாம். ஆகவே கடைசி இலக்கம் 0.

இப்போது அவசரத்தில் 8ஐயும் 9ஐயும் இடம் மாற்றித் தட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தொகை 29 ஆகும். இரண்டாவது 21, மூன்றால் பெருக்க 63. மொத்தம் 92. கடைசி இலக்கம் 8 ஆக இருக்க வேண்டும், ஆனால் 0 இருக்கிறது. ரில் மெஷின் "கூ" என்று சத்தம் போட்டு மறுத்துவிடும்.

ஆனால் பக்கத்தில் பக்கத்தில் உள்ள 1ஐயும் 6ஐயும் இடம் மாற்றித் தட்டினால் இந்தக் காவல் பிடிக்காது. இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து. மொத்தத்தில் சரியாகப் பத்துக் கூடும் அல்லது குறையும். கடைசி இலக்கம் மாறாது. வீட்டில் பிள்ளையோடு இருந்து போட்டுப் பாருங்கள். கணினி சரி என்று ஏற்றுக்கொண்டது எல்லாம் சரியானதல்ல. அது பார்க்கத் தெரிந்ததை மட்டுமே பார்த்தது. இந்தப் படிப்பில் கடைக்காரனுக்கு மிகவும் தேவையான பாடம் இதுதான் என்பது எமது எண்ணம். அதை நாம் எப்படி அறிந்தோம் என்று சொல்கிறோம்.

எமது களஞ்சியத்தில் நடந்தது

முதலில் சொன்ன கடைக்காரரின் மகன் எக்ஸ்ரெண்டட் டிப்ளோமாவில் சேர்ந்தான். இரண்டாம் வருடம் விரிதாள் ஒப்படைக்கு மாதிரிக் கணக்குத் தேவை என்று எம்மிடம் வந்தான். நாம் தேங்காய்ப்பால் ரின்னின் கொள்முதல், விற்பனைக் கணக்கைக் கொடுத்தோம். கொடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தச் சாமானில் மட்டும் மாதந்தோறும் கணக்குக்கும் கையிருப்புக்கும் இடையில் பெரிய வித்தியாசம். கணினி இருக்க வேண்டும் என்று சொல்லும் ரின்கள் தட்டில் இல்லை. களஞ்சியத்தில் நின்ற ஒரு வேலையாள்மேல் நாம் சந்தேகப்பட்டிருந்தோம். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் திறப்பை அவரிடமிருந்து வாங்கிவிட்டோம். அவருக்கு விளங்கியிருக்கும்.

பையன் இரண்டு மணித்தியாலம் கணக்கைப் பார்த்துவிட்டு, "மாமா, ஒரு பெட்டியிலை எத்தனை ரின்?" என்று கேட்டான். "இருபத்துநாலு" என்றோம். அவன் போய் ஒரு பெட்டியை உடைத்து எண்ணினான். பன்னிரண்டு. விநியோகித்தவர்கள் சில மாதங்களுக்கு முன் பெட்டியின் அளவை மாற்றியிருந்தார்கள். புதிய அளவு அவர்களின் பட்டியலில் சிறிய எழுத்தில் இருந்தது. எமது மென்பொருளில் பழைய இருபத்துநான்கே இருந்தது. ஒவ்வொரு பெட்டி வரும்போதும் இல்லாத பன்னிரண்டு ரின்களைக் கணினி கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. காசுக் கணக்கு பெட்டி விலையில் நடந்ததால் அங்கே பிழை தெரியவில்லை.

கணினி பொய் சொல்லவில்லை. நாம் கொடுத்த பிழையான இலக்கத்தைச் சரியாகப் பெருக்கியது. அன்று பின்னேரமே வேலையாளிடம் திறப்பைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். அவர் "பரவாயில்லை ஐயா" என்றார். ஆனால் அந்த மாதங்கள் அவருக்கு எப்படிக் கழிந்திருக்கும் என்பதை நினைக்கும்போது இன்றும் எமக்கு வெட்கமாக இருக்கிறது.

தபாற்கந்தோர்க் கணினியின் பாடம்

எமது களஞ்சியத்தில் நடந்தது சிறிய விஷயம். இந்த நாட்டில் கடைக்காரர்களுக்கு நடந்த பெரிய அநியாயம் ஒன்றை எல்லோரும் அறிவீர்கள். கடையின் ஒரு பக்கத்தில் தபாற்கந்தோர் நடத்தியவர்களின் கணக்குகள் 1999ஆம் ஆண்டு தொடக்கம் 'ஹொறைசன்' என்ற கணினி முறைமைக்கு மாற்றப்பட்டன. பணம் குறைகிறது என்று கணினி காட்டியது. கைக்காசு போட்டு நிரப்பினார்கள், வீட்டை விற்றார்கள். 900க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டார்கள். அவர்களுள் ஆசிய நாட்டுக் குடும்பத்தினர் பலர்.

555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2019ஆம் ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்த முறைமையில் பிழைகள் இருந்தன, அவை கணக்கில் குறைவைக் காட்டக்கூடியவை என்று தீர்ப்பளித்தது. 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகளை மேன்முறையீட்டு நீதிமன்றம் இரத்துச் செய்தது. 2024ஆம் ஆண்டு மே மாதம் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி மற்றவர்களின் தீர்ப்புகளை இரத்துச் செய்தது. அதற்குள் சிலர் இறந்தே போய்விட்டார்கள்.

அந்த மனிதர்கள் படிப்பில்லாததால் கெட்டார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்கள் சரியாகவே சொன்னார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. ஆனால் கணினி காட்டும் தொகை எங்கிருந்து வந்தது, எந்த வரியில் மாறியது, யார் அதை மாற்ற முடியும் என்று கேட்கத் தெரிந்த பிள்ளைகள் எமது சமூகத்தில் வேண்டும். ஒரு முறைமையைத் தானே கட்டி, சரியான தரவும் பிழையான தரவும் எல்லைத் தரவும் கொடுத்துச் சோதித்து, எங்கே உடைகிறது என்று எழுதிக் கொடுத்த பிள்ளைக்கு அந்தக் கேள்விகள் தாமாக வரும்.

வரிக் கணக்கும் கணினிக்குள் போய்விட்டது. வற் பதிவுள்ள பெரிய வியாபாரங்கள் 2019 ஏப்ரல் தொடக்கமும், பதிவுள்ள அனைவரும் 2022 ஏப்ரல் தொடக்கமும் மென்பொருள் மூலம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றானது. தனி ஆளாக வியாபாரம் செய்பவர்களின் வருமான வரிக்கு இந்த விதி 2026 ஏப்ரல் 6 முதல் 50,000 பவுணுக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கும், 2027இல் 30,000 பவுணுக்கு மேல் உள்ளவர்களுக்கும், 2028இல் 20,000 பவுணுக்கு மேல் உள்ளவர்களுக்கும் என்று வகுக்கப்பட்டுள்ளது. கவனிக்க: இங்கே வருமானம் என்பது செலவு கழிக்க முந்திய தொகை. இலாபம் அல்ல. இந்த எல்லைக்குள் வராத கடை எமக்குள் எத்தனை இருக்கும்?

ஒப்படை நாளும் கடை நாளும்

இனிப் பெற்றாருக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. ஏ லெவல் பிள்ளைக்குப் பரீட்சைக்கு முன் மூன்று மாதம் கடையிலிருந்து விடுதலை கொடுத்தால் ஒருவாறு சமாளிப்பான். ஒப்படை செய்யும் பிள்ளைக்கு அது போதாது. இரண்டு வருடமும் இடையிடையே கடைசித் திகதிகள் வந்துகொண்டே இருக்கும்.

பி.ரெக் விதி ஒன்று உண்டு. ஒப்படையைக் குறித்த திகதிக்குள் கொடுத்த பிள்ளைக்கு, ஆசிரியர் சம்மதித்தால், அதைத் திருத்தி ஒரு தடவை மீண்டும் கொடுக்க வாய்ப்புக் கிடைக்கும். திகதியைத் தவறவிட்டவனுக்கு அந்த வாய்ப்புப் போய்விடும். மேலே சொன்ன பையனுக்கு முதலாம் வருடத்தில் நடந்தது அதுதான். ஒரு வியாழன் இரவு கடையில் ஆளில்லை என்று தகப்பன் அவனை நிறுத்திவிட்டார். ஒப்படை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டியது, திங்கட்கிழமைதான் போனது. திருத்தினால் மெரிற் வந்திருக்கக்கூடிய அலகு பாஸோடு நின்றது. அன்றிரவு கடைக்கு ஒரு ஆள் வைத்திருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று நாம் அவரிடம் பின்னர் கேட்டோம். அவர் மறுமொழி சொல்லவில்லை. அடுத்த கிழமையே பிள்ளையின் ஒப்படைத் திகதிகளைக் கடைக் கலண்டரில் சிவப்பு மையால் குறித்து வைத்தார். பால்காரனுக்குக் காசு கொடுக்கும் திகதிக்குப் பக்கத்தில்.

ஜி.சி.எஸ்.ஈ. ஆங்கிலத்தில் அல்லது கணிதத்தில் 4 எடுக்காத பிள்ளைகள் ஆறாம் படிவத்திலும் அவற்றைத் தொடர்ந்து படிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். அதற்கும் நேரம் வேண்டும்.

315 மணித்தியாலம்: நாம் செய்யக்கூடியது

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ரி லெவல் பிள்ளைக்கு 315 மணித்தியால வேலைப் பழக்கம் வைத்திருப்பது அதற்காகத்தான். நாளுக்கு ஏழு மணித்தியாலம் என்றால் 45 நாள். இந்த இடங்களைத் தேடிப் பிடிப்பது பாடசாலைகளுக்குப் பெரும் பாடு.

எமது அங்கத்தவர்களுள் பெரிய களஞ்சியம், பல கிளைகள், இணைய விற்பனை உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு பிள்ளைக்கு இடம் கொடுக்கலாம். சம்பளம் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பயணச் செலவும் மத்தியானச் சாப்பாடும் கொடுப்பது மரியாதை. ஆனால் கணினி படிக்க வந்த பிள்ளையைப் பெட்டி அடுக்க விட்டால் அது ஏமாற்று. கையிருப்பு அட்டவணையைத் திருத்துவது, இணையத்தளத்தில் சாமான் விபரம் ஏற்றிச் சரிபார்ப்பது, ரில் அறிக்கையை விரிதாளில் கொண்டுவந்து எந்த மணித்தியாலத்தில் எது விற்கிறது என்று காட்டுவது, இவை உண்மையான வேலைகள். எமக்கும் இவை தேவை. சங்கம் விரும்பும் அங்கத்தவர்களின் பட்டியலைத் தயாரித்து அயல் பாடசாலைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று இதன் மூலம் கேட்டுக்கொள்கிறோம்.

பாடசாலைத் திறந்த நாளில் கேட்க வேண்டியவை

வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. இந்தத் தகுதியின் முழுப்பெயர் என்ன? எத்தனை ஏ லெவலுக்குச் சமன்?

2. என் பிள்ளை இரண்டாம் வருடம் முடிக்கும்வரை இந்தப் பாடநெறிக்கு அரச பணம் உண்டா?

3. எத்தனை வீதம் பரீட்சை, எத்தனை வீதம் ஒப்படை? பரீட்சையில் தவறினால் எத்தனை தடவை மீண்டும் எழுதலாம்?

4. ஒப்படைக் கடைசித் திகதிகளின் அட்டவணையை வருடத் தொடக்கத்தில் பெற்றாருக்குத் தருவீர்களா?

5. வேலைப் பழக்க இடத்தைப் பாடசாலை தேடுமா, நாம் தேட வேண்டுமா?

6. போன வருடம் இதை முடித்த பிள்ளைகள் எங்கே போனார்கள்? எத்தனை பேர் இடையில் விட்டார்கள்?

7. பிள்ளை விரும்பும் பல்கலைக்கழகப் பாடநெறி இந்தத் தகுதியை ஏற்றுக்கொள்ளுமா? இதைப் பாடசாலையில் மட்டும் கேட்காமல் பல்கலைக்கழகத்திடமும் கேளுங்கள்.

எட்டாவது கேள்வி பாடசாலைக்கு அல்ல, வீட்டுக்கு. பிள்ளைக்கு இது விருப்பமா? அவனைக் கேட்காமல் நாம் போடும் கணக்கு எல்லாம் பெட்டிக்கு இருபத்துநான்கு என்று நினைத்துப் போட்ட கணக்குத்தான்.

அந்தப் பையனுக்கு முடிவில் டிஸ்ரிங்ஷன் ஒன்றும் மெரிற் இரண்டும் கிடைத்தன. 112 புள்ளி. இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். விடுமுறை நாட்களில் எமது கையிருப்புக் கணக்கைப் பார்த்துக் கொடுக்கிறான், அதற்குச் சம்பளமும் வாங்குகிறான். போன மாதம் தகப்பன் சாமான் எடுக்க வந்தபோது, பக்கத்தில் நின்ற இன்னொரு கடைக்காரர் தன் மகளுக்கு என்ன படிப்பிப்பது என்று எம்மைக் கேட்டார். நாம் வாய் திறக்க முன்பே அவர் சொன்னார்:

"என்ரை மகன் பி.ரெக்தான் செய்தவன். வாங்கோ, சொல்லுறன்."